இரண்டாம் நம்பர் டிரம்

எங்கள் முதலாளிக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் மதுரையிலிருந்து வரும் பேக்டரி இன்ஸ்பெக்டர். இன்னொருவர் எதிர்வீதிச் சாயப்பட்டறைக்காரர். இந்த இருவரில் யாருக்கு அதிகமாகப் பயப்படுவது என்று அவரால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை. அந்தக் குழப்பத்தில் வெந்தது என் முகம்.

நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது என்று இருந்த குடும்பம். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தேன். வீட்டுக்காரர் பந்தல்குடி ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் மழை சுத்தமாகக் கைவிட்டதும், பிறந்த வீட்டிலிருந்து வரும் தானியமும் நின்றுபோனது. நானும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. கிடைத்தது சாயப்பட்டறை. தொட்டியிலிருந்து எடுத்த நூல் கட்டுகளை, பட்டறைப் பேச்சில் சிட்டங்களை, பிழிந்து, உதறி, மூங்கிலில் காயப்போட வேண்டும். கை மாதத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும். பண்டிகைக்கு மருதாணி வைக்கிற செலவு மிச்சம் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார்.

பட்டறையில் என்னோடு வேலை செய்த பெண்கள் எல்லாரும் நெசவுக் குடும்பத்தார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். என்னைத் திட்ட வேண்டுமென்றால் மட்டும் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. அவர்களுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

எங்கள் பட்டறையின் பெருமை அதன் சிவப்பு. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது என்று பேர். அந்தச் சிவப்பின் ரகசியத்தை எதிர்வீதிக்காரர் திருடிவிடுவார் என்பது முதலாளியின் கவலை. அதனால் மதுரையிலிருந்து மருந்து டிரம்கள் வந்து இறங்கியதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தேங்காய்த் துருவியை எடுத்து உட்கார்ந்துவிடுவார். டிரம்மில் ஒட்டியிருக்கும் பேர், படம், எச்சரிக்கை எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். சுரண்டி முடித்ததும் சுண்ணாம்பால் நம்பர் போடுவார். ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான். சாயம் கலக்கிற மேஸ்திரிக்கே எதில் எத்தனை கப் போட வேண்டும் என்று தெரியுமே தவிர, போடுவது என்னவென்று தெரியாது.

எங்களுக்கு நம்பர் வாயில் நுழையவில்லை. நாங்களாகப் பேர் வைத்துக்கொண்டோம். ஒன்றாம் நம்பர் மூடியைத் திறந்தால் எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டும். அது அழுமூஞ்சி. இரண்டாம் நம்பரைக் கரைத்துவைத்தால் பார்க்கச் சாதுவாக, பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். பட்டால் தோலை உரித்துவிடும். அதற்கு மாமியார் என்று பேர் வைத்தவள் எங்களில் ஒரு கைக்குழந்தைக்காரி. அவளுடைய மாமியாரும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார். நல்ல வேளையாக அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வந்து இறங்கியதில் தலை முதல் செருப்பு வரை செம்மண். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பட்டறையை ஒரு சுற்று வந்து டிரம்கள் முன்னால் நின்றார்.

"இதுல என்ன இருக்கு?"

"ரெண்டாம் நம்பரு சார்," என்றார் முதலாளி.

"நம்பரு தெரியுது. உள்ள என்ன?"

"மருந்து சார்."

"என்ன மருந்து? இருமலுக்கா?"

முதலாளி இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் முகம் கடுகடுவென்று இருந்தது. "உங்க தொழில் ரகசியம் எனக்கு வேண்டாம்யா. இத்தனை பொம்பளைங்க புழங்குற எடம். ஆபத்தான சாமான் எதுன்னு அவங்களுக்குத் தெரியணும். அவங்களுக்குப் புரியுற பாஷையில எழுதி வைக்கணும். அடுத்த தடவை வாரப்போ எழுத்து இல்லைன்னா கேஸு போடுவேன். அப்புறம், டிரம்மெல்லாம் நடைபாதையில கிடக்கு. ஒதுக்கி வைங்க."

எங்களுக்கு அவர் பேசியது பிடித்திருந்தது. எங்களைப் பற்றி ஒரு சர்க்கார் ஆள் பேசியதே அதுதான் முதல் தடவை. ஆனால் முதலாளி அன்றெல்லாம் சோறு சாப்பிடவில்லை. ஆபத்தான டிரம் எது என்று எழுதிவைத்தால், எட்டிப் பார்க்கிற எதிர்வீதிக்காரருக்கு எதில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எழுதாவிட்டால் கேஸ். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கன்னத் தழும்பும் சேர்ந்து இழுக்கிறது.

எல்லாவற்றிலும் எழுதிவிட்டார்.

சினிமா கொட்டகைக்குத் தட்டி எழுதுகிற ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்தார். ஒன்றாம் நம்பரில் அபாயம். இரண்டாம் நம்பரில் அபாயம். கஞ்சி மாவு டிரம்மில் அபாயம். உப்பு மூட்டை மேலே ஒரு தட்டி தொங்கவிட்டு அதிலும் அபாயம். நாங்கள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த டிரம்மையும் விடவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும் மண்டையோடும் இரண்டு எலும்பும். ஓவியருக்குக் கதாநாயகர்களை வரைந்தே கை பழகிவிட்டதால், மண்டையோடுகள் எல்லாம் பல்வரிசை தெரிய அழகாகச் சிரித்தன.

"என்ன மொதலாளி, குடிக்கிற தண்ணியிலயும் போட்டுட்டீக?" என்று கேட்டேன்.

"சட்டம் அப்பிடித்தாம்மா. சர்க்கார் சொன்னா கேட்டுக்கிடணும்," என்றார், சர்க்காரே நேரில் வந்து தண்ணீர் டிரம்மைக் காட்டியதுபோல.

இரண்டொரு நாள் தண்ணீர் குடிக்கவே ஒருமாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. அபாயத்தில் மொண்டு குடித்தோம். அபாயத்தின் மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டோம். கைக்குழந்தைக்காரி தன் பிள்ளைக்கு அபாயத் தட்டிக்குக் கீழே தொட்டில் கட்டினாள். அழுகிற பிள்ளைக்கு அந்த மண்டையோட்டைக் காட்டி, "பாரு, மாமா சிரிக்காரு பாரு," என்பாள். பிள்ளையும் சிரிக்கும்.

அதன் பிறகு சித்திரை வெயில். முதலாளி இன்ஸ்பெக்டரின் இன்னொரு உத்தரவை நினைத்துக்கொண்டு டிரம்களை நடைபாதையிலிருந்து ஒதுக்கச் சொன்னார். மேஸ்திரி எல்லாவற்றையும் உருட்டி, சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். உருட்டியதில் சுண்ணாம்பு நம்பர்கள் அழிந்துபோயின. பெயிண்டில் எழுதிய அபாயம் மட்டும் அழியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் எல்லாம் ஒரே எழுத்து, ஒரே சிரிப்பு.

மத்தியானம் சிட்டம் உதறிவிட்டு வந்தேன். முகம் காந்தியது. வழக்கமாகத் தண்ணீர் இருக்கிற மூலையில் இருந்த டிரம்மில் கையை விட்டு ஒரு சொம்பு மொண்டேன். விரல்களுக்கிடையே சோப்புத் தண்ணீர் போல வழுவழுவென்று இருந்தது. இது என்ன இப்படி என்று மனதில் பட்டதும் கையை நிறுத்தினேன். நிறுத்துவதற்குள் பாதிச் சொம்பு முகத்துக்கு வந்துவிட்டது.

மாமியார்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இடது கன்னத்தில் யாரோ நெருப்புக் கங்கு வைத்து அழுத்துவது போல இருந்தது. இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் கத்தியது லாரி ஷெட் வரைக்கும் கேட்டதாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. ஆனாலும் சொல்லட்டும்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். ஒருத்தி "நீள்ளு! நீள்ளு!" என்று தண்ணீருக்குக் கத்தினாள். இன்னொருத்தி நல்லெண்ணெய் என்றாள். கைக்குழந்தைக்காரி ரவிக்கை ஊக்கைக் கழற்றிக்கொண்டே, "கண்ணுக்குத் தாய்ப்பால்தான் மருந்து, தள்ளுங்க," என்று என் மேல் கவிழ்ந்தாள். அவளுடைய காது மந்தமான மாமியார்தான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பக்கத்து டிரம்மில் மொண்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்து, தண்ணீர்தான் என்று தெரிந்துகொண்டு என் தலையில் கவிழ்த்தார். அந்த டிரம்மும் மாமியாராக இருந்திருந்தால் அந்த அம்மாளின் கதி என்ன ஆகியிருக்கும்!

என்னை மாட்டுவண்டியில் போட்டு, கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் என்னைப் படுக்க வைத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அந்தக் கோடையில் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. அவர் வீட்டில் இருந்த பானை தீர்ந்தது. பக்கத்து வீட்டுப் பானை தீர்ந்தது. பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுவந்த வண்டியை மேஸ்திரி பாதி வழியில் மடக்கி அங்கே ஓட்டிவந்தார்.

"என்ன பட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டாம் நம்பரு," என்றார் மேஸ்திரி.

"என்னது?"

"ரெண்டாம் நம்பரு சார். நாங்க மாமியாருன்னு சொல்லுவோம்."

டாக்டர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது. "எனக்கு மாமியாருக்கெல்லாம் வைத்தியம் தெரியாதுய்யா. தெரிஞ்சா என் வீட்டுலயே பாத்திருப்பேன். ஆசிட்டா, காரமா, வேற எழவா? அது தெரியாம அடுத்து நான் என்ன செய்ய? பேர் தெரிஞ்சவன் எவனோ அவனைக் கூட்டிட்டு வா!"

பேர் தெரிந்த ஒரே ஆள் பந்தல்குடியில் கல்யாணச் சாப்பாட்டில் இருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர், ஷெட்டிலிருந்து ஒரு லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த முதலாளியை இலையிலிருந்து எழுப்பி, லாரியில் உப்பு மூட்டைகளின் மேல் ஏற்றினார். அதே பந்தியில் எதிர்வீதிக்காரரும் உட்கார்ந்திருந்தது யாருடைய கெட்ட நேரமோ. "ஒத்தாசைக்கு நானும் வாரேன்" என்று அவரும் கையைக்கூடக் கழுவாமல் ஏறிக்கொண்டார்.

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இருந்த பயத்தைச் சொல்லி முடியாது. ஒரு கண் போனால் என்ன என்று தைரியமாக நினைக்கப் பார்ப்பேன். உடனே, வலது கண்ணிலும் கொஞ்சம் பட்டிருக்குமோ என்று தோன்றும். என் வீட்டுக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவே இல்லை. தினம் பார்க்கிற முகம் எப்படி மறந்துபோகும் என்று அதற்காகவும் அழுதேன். அழுவது நல்லதுதான், கண் கழுவப்படும் என்றார் டாக்டர்.

லாரிச் சத்தம் கேட்டது. சந்தன வாசனையும் சாம்பார் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன.

"சீக்கிரம் சொல்லுய்யா, ரெண்டாம் நம்பருல என்ன?" என்றார் டாக்டர்.

முதலாளி மெல்லிய குரலில், "இவரைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க சார்," என்றார்.

"நான் ஏன் வெளிய போகணும்? புள்ளையப் பாக்க வந்திருக்கேன்," என்றார் எதிர்வீதிக்காரர்.

"பாத்தாச்சுல்ல? போங்க."

"நீரு சொல்ல வேண்டியதைச் சொல்லும். என் காதையா அறுத்து வாங்கப் போறீரு?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ. "மொதலாளி! எங் கண்ணு அவிஞ்சிட்டா ஒங்க செவப்பை எந்தக் கண்ணால பாத்துப் பிழியட்டும்? சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன். அதுவரை அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. என் வீட்டுக்காரர் முதலாளியின் சட்டையைப் பிடித்திருக்கிறார் என்பது துணி கிழிகிற சத்தத்தில் தெரிந்தது.

முதலாளி டாக்டரின் காதுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"காஸ்டிக் சோடாவா?" என்று டாக்டர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

எதிர்வீதிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அட, காஸ்டிக்கா? அதைத்தானே நானும் போடுறேன்."

"நீரா?"

"ஊரு பூரா அதைத்தான் போடுது. நீரு எங்க வாங்குறீரு?"

"மதுரையில... அந்த மொட்டைத்தலைக்காரரு கடையில."

"நானும் அங்கதான்யா! ஒங்களுக்கு மட்டுந்தான் தாரேன், வெளிய சொல்லாதீகன்னாரே?"

"எங்கிட்டயும் அதேதான்யா சொன்னாரு!"

இருவரும் என் கண்ணை மறந்து மொட்டைத்தலைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள். டாக்டர் இருவரையும் வெளியே துரத்தினார். "காரம்னா இன்னும் ஊத்தணும், உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும்," என்று வண்டித் தண்ணீர் தீரும்வரை ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். என்னென்னவோ சொட்டு விட்டார், களிம்பு தடவினார். இடது கன்னத்தில் தோல் உரிந்து, பல மாதம் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. இமைமுடி போனது போனதுதான். பார்வை முதலில் புகை மூட்டமாக இருந்து, ஆடி மாதக் காற்று ஓய்கிற சமயத்தில் தெளிந்தது. முதலில் தெளிவாகத் தெரிந்தது என் வீட்டுக்காரர் முகம். இதற்காகவா அவ்வளவு அழுதோம் என்று ஒரு நிமிடம் தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. குடிதண்ணீர் டிரம்மில் இருந்த மண்டையோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"நீங்கதான சார் எழுதச் சொன்னீங்க?"

"தண்ணிக்கு எழுதச் சொன்னேனா?"

"விட்டுப்போயிரக் கூடாதேன்னுதான் சார்..."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீருக்கும் மாவுக்கும் உப்புக்கும் இருக்கிற எழுத்தை அழிக்க வேண்டும். மருந்து டிரம்களில் பேரை எழுத வேண்டும். பட்டால் என்ன செய்வது என்று ஒரு போர்டு வைக்க வேண்டும், தொழிலாளர்களுக்குப் புரிகிற பாஷையில்.

முதலாளி விடவில்லை. "இவங்கல்லாம் வீட்டுல தெலுங்கு பேசுறவங்க சார். சட்டப்படி தெலுங்குலதான் எழுதணும். ஆனா தெலுங்கு எழுத்து எங்க யாருக்குமே படிக்கத் தெரியாது. அதனால எழுதிப் பிரயோசனமில்லை."

"உங்களுக்கு ரெண்டு பாஷையிலயும் வக்கணையாப் பேசத் தெரியுது," என்றார் இன்ஸ்பெக்டர். "தமிழ்ல எழுதுங்க."

போர்டில் எழுத வேண்டியதை இன்ஸ்பெக்டரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் என்னைப் படிக்கச் சொன்னார்கள். 'அரிக்கும் தன்மை வாய்ந்த இத்திரவம் விழிகளில் படுமாயின் ஏராளமான நீரினால் உடனடியாகக் கழுவுதல் வேண்டும்' என்று இருந்தது. நான் படித்து முடித்ததும் கைக்குழந்தைக்காரி, "எங்க அரிக்கும்? சொறிஞ்சா போயிருமா?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கடித்தார்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஆளுக்கொரு வார்த்தை சொல்லித்தான் அந்தப் போர்டு உருவானது. 'இது காஸ்டிக் சோடா. தோலும் கண்ணும் வெந்துபோகும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்று. ஊற்றிக்கொண்டே இரு. டாக்டரிடம் பேரைச் சொல்.' இதற்குக் கீழே 'முதலாளியைத் தேடாதே' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். இன்ஸ்பெக்டருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு அடித்துவிட்டார்.

கண்ணுக்குக் கண்ணாடி வாங்கித் தரவேண்டும் என்றும் எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரமே முதலாளி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எங்கேயோ திருவிழாக் கடையில் மொத்தமாக வாங்கிய கறுப்புக் கண்ணாடிகள். நாங்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாயத்தொட்டியைச் சுற்றி நின்றதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. மேஸ்திரியும் அதை மாட்டிக்கொண்டுதான் சாயம் கலந்தார். அந்த வாரம் எங்கள் பட்டறையின் பேர்பெற்ற சிவப்பு, காய்ந்ததும் மாட்டுச்சாணி நிறத்தில் இருந்தது. வீரசோழன் என்கிற ஊரிலிருந்து நூல் வாங்க வந்த வியாபாரி ஒரு சிட்டத்தைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது புதுக் கலரு பாய், நல்லா ஓடும்," என்றார் முதலாளி, கூசாமல்.

"ஓடட்டும், நான் பிடிக்க வரல," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கண்ணாடி வந்தது.